ஏறும் மீனை மட்டும் எண்ணுக

என் அண்ணி இருபத்திரண்டு வருடமாக மீன் எண்ணுகிறார். இதைச் சொன்னால், சந்தையில் கடை வைத்திருக்கிறாரா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். இல்லை. ஆற்றின் குறுக்கே நிற்கும் எங்கள் அணையின் பக்கவாட்டில் மீன்படி என்று ஒன்று உண்டு. சின்னச் சின்னத் தொட்டிகளைப் படிக்கட்டு போல ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டி, தண்ணீரை வழியவிட்டிருப்பார்கள். முட்டையிட மலைப்பக்கம் போக வேண்டிய மீன்கள், அணையைத் தாண்ட வேறு வழியில்லாமல், தொட்டிக்குத் தொட்டி எம்பி ஏறிப் போகும். கடைசித் தொட்டியின் சுவரில் ஒரு கண்ணாடி ஜன்னல். ஜன்னலுக்கு இந்தப் பக்கம், தரைக்குக் கீழே, ஈரம் பூத்த ஒரு அறை. அந்த அறையில் ஒரு நாற்காலி. அதில் அண்ணி.

கையில் அடங்குகிற ஒரு கருவி. ஒரு மீன் ஜன்னலைத் தாண்டினால் பொத்தானை ஒரு தரம் அமுக்க வேண்டும், எண் ஒன்று கூடும். ஐம்பது நிமிடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும், பத்து நிமிடம் கண்ணுக்கு ஓய்வு. பிறகு மறுபடியும் ஐம்பது. இந்தக் கணக்கு அவர் உடம்பில் ஊறிவிட்டது. வீட்டில் டிவி பார்க்கும்போதும் ஐம்பதாவது நிமிடத்தில் கண்ணை மூடிக்கொள்வார். என் அண்ணனோடு சண்டை நடக்கும்போதும் மூடிக்கொள்வார். அண்ணன் பத்து நிமிடம் தன்னந்தனியாகக் கத்திக்கொண்டிருப்பான். கண்ணைத் திறந்ததும் அண்ணி விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

அண்ணன் அதே அணையில் ஷட்டர் ஆபரேட்டர். தண்ணீரைத் திறந்து மூடுகிற வேலை. நான் அதே அணை அலுவலகத்தில், இரண்டாம் மாடியில், தட்டச்சர். கல்யாணம் எனக்கு ஒத்துவரவில்லை, அதனால் அவர்களோடுதான் இருக்கிறேன். ஆக ஒரே வீட்டில் மூன்று பேர்: மீனை எண்ணுகிறவர் ஒருவர், தண்ணீரைத் திறக்கிறவன் ஒருவன், இரண்டையும் டைப் அடித்து மேலே அனுப்புகிறவள் ஒருத்தி. ஆற்றில் என்ன நடக்கிறது என்பது மூன்று பேருக்கும் தெரியாது. அரசாங்கச் சம்பளத்தில் மூன்று தட்டு சாப்பாடு, அவ்வளவுதான் எங்களுக்கும் ஆற்றுக்குமான உறவு. அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

அண்ணியின் வேலையை நான் மதித்ததே இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கச் சம்பளமா என்று கேலி செய்திருக்கிறேன். ஒரு முறை அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது, இரண்டு மாதம் என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மூன்றாம் நாளே தலைவலி வந்துவிட்டது. மீன் போகிறதா, நிழல் போகிறதா என்று தெரியாமல் குத்துமதிப்பாக அமுக்கித் தள்ளினேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. எண்ணுகிறவர்கள் பட்டியலில் என் பெயரையும் சேர்த்து, அப்படியே விட்டுவிட்டார்கள்.

எண்ணிக்கையை எழுதும் படிவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தலையில் கொட்டை எழுத்தில், “ஏறும் மீனை மட்டும் எண்ணுக” என்று அச்சடித்திருக்கும். இறங்குகிற மீனுக்குக் கட்டமே கிடையாது. மேலே போனது மேலேயே போய்விடும் என்பது விதியை எழுதியவர்களின் எண்ணம். பதவி உயர்வு வாங்கியே பழகியவர்கள் எழுதிய விதி வேறு எப்படி இருக்கும்?

இரண்டு வருடத்துக்கு முன்னால் வெளியூரிலிருந்து ஒரு ஆய்வாளர் வந்தார். எல்லோரும் அவரை மீன் டாக்டர் என்றார்கள். ஒரு மாதம் தண்ணீரில் வெப்பமானியை முக்கி முக்கி எடுத்து, அறுபத்து நான்கு பக்கத்தில் ஒரு அறிக்கை எழுதிவிட்டுப் போனார். டைப் அடித்தது நான். ஒரு வரி கூட மண்டையில் ஏறவில்லை. மேலதிகாரிகள் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தார்கள். அதை முழுதாகப் படித்த ஒரே ஆள், பத்தாம் வகுப்பைத் தாண்டாத அண்ணி. என்னிடமிருந்து ஒரு நகல் வாங்கிப்போய், அந்தப் பத்து நிமிட ஓய்வுகளில் நான்கு மாதம் படித்தார். கண்ணுக்கு ஓய்வு என்று விதி சொன்னதை அவர் மீறியது அப்போது மட்டும்தான்.

அறிக்கை சொன்னது இதுதான். தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் காற்று குறைந்துபோகும். அதே சூட்டில் மீனின் உடம்புக்குக் காற்று கூடுதலாகத் தேவைப்படும். வரவு குறைந்து செலவு கூடிய உடம்பு. இந்த மீன்கள் மலையேறும் பயணத்தில் எதையும் தின்பதில்லை. புறப்படும்போது உடம்பில் சேர்த்த கொழுப்புதான் துடுப்புப் போடவும், வயிற்றிலிருக்கும் முட்டையை வளர்க்கவும். வழியில் வீணாக அலைந்தால் முட்டைக்கு வைத்திருந்ததை உடம்பே தின்றுவிடும். எங்கள் அணையில் தேங்கி நிற்கும் நீரின் மேல்மட்டம் கோடையில் கொதிக்கும், அடியில் மட்டும் குளிர்ச்சி. அந்தக் குளிர்ந்த நீரை உறிஞ்சி மீன்படியில் விட ஒரு மோட்டார் வையுங்கள் என்று மீன் டாக்டர் எழுதியிருந்தார். எப்படியோ அதை வைத்துவிட்டார்கள். அலுவலகம் தன்னை மறந்து செய்த நல்ல காரியம் அது.

போன வருடம் மழை ஏமாற்றியது. ஆறு சுருங்கி, அணையின் மேல்நீர் இருபத்தொன்பது டிகிரியைத் தொட்டது. அந்த வருடம்தான் மீன் எண்ணிக்கை கூரையைப் பிய்த்துக்கொண்டு ஏறியது. வழக்கமாக ஒரு பருவத்துக்கு இருபத்திரண்டாயிரம். அந்த முறை பருவம் முடியும் முன்பே அறுபதாயிரம். எங்கள் கண்காணிப்பாளருக்குத் தலைகால் புரியவில்லை. எதைக் கேட்டாலும் சதவீதத்தில் பதில் சொல்கிற மனிதர், அதனால் அலுவலகத்தில் அவருக்குப் பெயரே சதவீதம். வாசலில் ஒரு பலகை மாட்டி, தினமும் எண்ணிக்கையை எழுதச் சொன்னார். காலையில் வந்ததும் பலகை முன்னால் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மீனெல்லாம் தானே பெற்றுப் போட்டது போலப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னார்.

“ஏங்க, போன மீனே திரும்பத் திரும்ப வருது.”

அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “மீனுக்கெல்லாம் முகஜாடை ஒண்ணாத்தான் இருக்கும்.”

“வால்ல மேல்பாதி இல்லாத ஒருத்தி இருக்கா. இடது கன்னத்துல வெள்ளையா பூஞ்சை புடிச்சிருக்கு. இன்னைக்கோட அவ ஏழாவது தடவ போறா. நான் அவளையே ஏழு மீனா எழுதியிருக்கேன்.”

“அப்ப ஆறு தடவ எப்படிக் கீழ வந்தா? பஸ் புடிச்சா?” என்று நான் கேட்டேன். எனக்கு அப்போது அது பெரிய நகைச்சுவையாகத் தெரிந்தது.

அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் அருவருப்பு இருந்தது. “அவ செவுள் நிமிஷத்துக்கு நூத்திப் பத்து தடவ அடிக்குது. நான் கடிகாரம் வச்சு எண்ணினேன். முன்னாடியெல்லாம் அம்பது, அறுபதுதான். முதல் தடவ வந்தப்ப வயிறு உருண்டையா இருந்துச்சு, இப்ப ஒட்டிப்போச்சு. நிறைமாசப் புள்ளத்தாச்சிய ஏழு தடவ மாடி ஏத்தி இறக்கினா எப்படி இருக்கும்? அப்படி இருக்கா.” பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். “நீங்க எந்த ஷட்டரத் திறக்கறீங்க?”

“மூணும் நாலும். எப்பவும் அதான்.”

அணையில் பன்னிரண்டு ஷட்டர். மூன்றும் நான்கும் ஆபரேட்டர் அறைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. பதினொன்றும் பன்னிரண்டும் மறுகரையில். அங்கே போக வெயிலில் கால் மணி நேரம் நடக்க வேண்டும். எந்த ஷட்டரைத் திறந்தாலும் இறங்குகிற நீர் ஒன்றுதான். பத்தொன்பது வருடமாக அண்ணன் மூன்றையும் நான்கையும் திறப்பதற்கு நிர்வாகக் காரணம் எதுவும் இல்லை. சோம்பல்தான். அவனுக்கு முன்னால் இருந்தவனும் சோம்பேறிதான், அதனால் உத்தரவுப் புத்தகத்திலேயே அப்படி எழுதி வைத்துவிட்டார்கள்.

மீன்படியின் மேல் வாய் மூன்றாம் ஷட்டருக்கு நாற்பதடி தள்ளித்தான் திறக்கிறது. குளிர்ந்த நீரில் ஏறிவந்த மீன், வெளியே வந்ததும் வெந்நீரில் விழுகிறது. மயக்கம் வந்தது போல அங்கேயே நின்றுவிடும். நிற்கிற மீனை ஷட்டர் இழுத்துக் கீழே எறிந்துவிடும். பிழைத்தது மறுபடியும் முதல் படியிலிருந்து ஏறும். மனைவி எண்ணி அனுப்பியதைப் புருஷன் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான். நான் அதைச் சாதனை என்று டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுத ஆரம்பித்தார்: “இன்று எண்ணியதில் நான் அடையாளம் கண்ட பழைய மீன்கள் இருநூற்று நாற்பது.” அதை நான் சதவீதத்திடம் காட்டினேன். “ஓரத்துல எழுதினதுக்குக் கட்டம் இல்லையே. கட்டத்துல இருக்கறத மட்டும் அடிங்க,” என்றார். அடித்தேன். அதன்பிறகு அவரிடம் காட்டவும் இல்லை, நானே விட்டுவிட்டேன்.

இதற்குள் சதவீதத்துக்கு ஒரு யோசனை பிறந்துவிட்டது. மின்நிலையத்தில் இயந்திரங்கள் சூடேறி அடிக்கடி நின்றன. அவற்றைக் குளிரவைக்க ஒரு மோட்டார் வேண்டியிருந்தது. இவ்வளவு வெயிலிலும் மீன் நூற்று எழுபது சதவீதம் கூடியிருக்கிறது என்றால், மீனுக்குச் சூடு ஒரு பொருட்டே இல்லை என்றுதானே அர்த்தம்? மீன்படி மோட்டாரைக் கழற்றி மின்நிலையத்துக்குக் கொடுத்துவிடலாம். மேலிடமும் சம்மதித்தது. ஒரே ஒரு சம்பிரதாயம் பாக்கி: பருவத்தின் மொத்த எண்ணிக்கை சரியானதுதான் என்று எண்ணியவர் கையெழுத்துப் போட வேண்டும்.

அண்ணி அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றவில்லை. “அந்த மோட்டார எடுத்தா ஒரு மீன் கூடப் படியேறாது. முட்டையோட கீழயே கெடந்து சாகும். நான் கையெழுத்துப் போட மாட்டேன்,” என்றார். பிறகு அண்ணனைப் பார்த்து, “நாளைக்கு ஒரு மணி நேரம் என் ரூமுக்கு வாங்க. வேற ஒண்ணும் கேக்கல,” என்றார்.

பத்தொன்பது வருடத்தில் அண்ணன் அந்த அறைக்குள் போனதே இல்லை. படி இறங்க வேண்டுமே. மறுநாள் போனான். என்ன பார்த்தானோ, திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. அறுந்த வாலுக்காரி அவன் கண்ணெதிரே ஜன்னலைத் தாண்டியிருக்கிறாள். இவன் மூச்சிரைக்க மேலே ஓடி, மீன்படியின் வாயில் நின்று பார்த்திருக்கிறான். வெளியே வந்தாள், வாயைப் பிளந்தபடி மேல்நீரில் கொஞ்ச நேரம் நின்றாள், மூன்றாம் ஷட்டர் அவளை உறிஞ்சியது. அந்த ஷட்டரைக் காலையில் திறந்தவன் அவன்.

எழுத்தில் உத்தரவு இல்லாமல் தும்மக்கூட யோசிக்கிற என் அண்ணன், அன்று மத்தியானம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மறுகரைக்கு நடந்தான். மூன்றையும் நான்கையும் மூடி, பதினொன்றையும் பன்னிரண்டையும் திறந்தான். என் வாழ்நாளில் அவனைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல இது ஒன்றுதான் இருக்கிறது, அதனால் சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் எண்ணிக்கை இரண்டாயிரத்து அறுநூறு. இரண்டாம் நாள் ஆயிரத்துத் தொள்ளாயிரம். மூன்றாம் நாள் எழுநூறு. அண்ணி சின்னப் பெண் போலத் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மீன்படியின் வாயிலிருந்து வெளியே வந்தவை, இழுக்கிற ஷட்டர் பக்கத்தில் இல்லாததால், கொஞ்சம் நிதானித்து, அடியிலிருக்கும் குளிர்ந்த நீருக்குள் முங்கிப் போய்விட்டன. திரும்பி வரவில்லை. தெரிந்த முகம் ஒன்றையும் அன்று பார்க்கவில்லை என்றார். அறுந்த வாலுக்காரியும் வரவில்லை.

நான்காம் நாள் காலை பலகையைப் பார்த்த சதவீதத்தின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. எங்கள் மூன்று பேரையும் அழைத்தார்.

“மூணே நாள்ல எழுபத்து மூணு சதவீதம் விழுந்திருக்கு. மீனெல்லாம் எங்கம்மா போச்சு?”

“போக வேண்டிய எடத்துக்குப் போச்சு சார்,” என்றார் அண்ணி.

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. யார் ஷட்டரை மாற்றியது என்று கேட்டார். அண்ணன் கையைத் தூக்கினான், வகுப்பில் மாணவன் தூக்குவது போல. உத்தரவில்லாமல் அரசுச் சொத்தை இயக்கி மீன் வளத்துக்குச் சேதம் விளைவித்ததாக அவனுக்கு ஒரு மெமோ. டைப் அடித்தது நான்தான். “சேதம்” என்ற சொல்லை அடித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை. அன்றே மூன்றும் நான்கும் திறந்தாயிற்று. இரண்டே நாளில் எண்ணிக்கை பழையபடி ஏறியது. சதவீதமும் பழையபடி பலகை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கையெழுத்து மட்டும் கிடைக்கவில்லை. நயமாகக் கேட்டார், மிரட்டிக் கேட்டார். அண்ணி படிவத்தைத் தள்ளிவைத்துவிட்டு, “இறங்கினதுக்கு ஒரு கட்டம் போடுங்க சார், அப்புறம் போடறேன்,” என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். பிறகு, பேச்சு ஐம்பது நிமிடம் ஓடிவிட்டதாலோ என்னவோ, அவர் எதிரிலேயே கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் சதவீதம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முன்னால் ஒரு கோப்பு. எண்ணுகிறவர்கள் பட்டியலில் இரண்டே பெயர்: அண்ணியும் நானும்.

“நீங்களும் இங்க எண்ணினவங்கதானே. விதிப்படி ரெண்டு பேர்ல யார் போட்டாலும் செல்லும்,” என்றார். “உங்க அண்ணன் மெமோவ நான் மேல அனுப்பாம வச்சிருக்கேன். பத்தொம்பது வருஷ சர்வீஸ். பாவமா இருக்கு.”

இந்த இடத்தில் நான் யோசித்தேன் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். யோசிக்கவில்லை. அண்ணன் வேலை போனால் என்ன ஆகும் என்ற பயம் அரை நிமிடம் இருந்தது. மீதி அரை நிமிடம் இருந்தது வேறு. இருபத்திரண்டு வருடம் சுவரைப் பார்த்து உட்கார்ந்த ஒருத்தி, ஒரு மீன் வாலுக்காக எல்லோரையும் விட உயரமாக நிற்கிறாளே என்ற எரிச்சல். இத்தனை நேரம் சதவீதத்தையும் அண்ணனையும் வாய்க்கு வந்தபடி பேசினேனே, அந்த அறையில் அவர்களை விடக் கேவலமாக இருந்தவள் நான்தான். பேனாவை வாங்கிப் போட்டேன்.

மோட்டார் மறுநாளே போய்விட்டது. நான்கு ஆட்கள் வந்து போல்ட்டைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். மெமோ கிழிக்கப்பட்டது. விஷயம் தெரிந்தும் அண்ணன் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினான். அண்ணி என்னோடு சண்டை போடுவார் என்று காத்திருந்தேன். போடவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அதற்கடுத்த நாள் காலை அண்ணி இரண்டாம் மாடிக்கு வந்து, என் மேசைப் பக்கத்தில் நின்றார். “வா. ஒரு மணி நேரம் நீ எண்ணு,” என்றார்.

கீழே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றார். தொட்டியில் விழுந்த தண்ணீரெல்லாம் இப்போது மேல்நீர். கண்ணாடியில் கை வைத்தேன், உடம்புச் சூடு போல இருந்தது. முதல் பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு ஒன்று வந்தது. நல்ல தடித்த மீன், வயிறு நிறைய முட்டை. ஜன்னலின் பாதி வரை வந்தது. அதற்கு மேல் போகவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடியது, செவுள் படபடவென்று அடித்தது, உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. என்னையே பார்க்கிறதோ என்று தோன்றியது, மீனுக்கு நான் யார். துடுப்பு ஓய்ந்து, வால் முன்னே தலை பின்னே, வந்த வழியே சறுக்கிப் போய்விட்டது. என் கட்டைவிரல் பொத்தான் மேலேயே இருந்தது. அடுத்து இன்னொன்று. அதுவும் அப்படியே. கொஞ்ச நேரத்தில் ஒரு மீனும் இந்தத் தொட்டி வரை வரவில்லை. கீழே முதல் படியில், நிழல் விழும் மூலையில், முட்டையைச் சுமந்தபடி அடுக்கடுக்காக நிற்கின்றன என்று அண்ணி சொன்னார். காலையில் அவர் அங்கே இறங்கிப் பார்த்திருக்கிறார். சில மிதக்க ஆரம்பித்துவிட்டன.

ஒரு மணி நேரம் முடிந்தது. கருவியில் ஒன்றும் இல்லை. தொலைபேசியில் மேலே சொல்ல வேண்டும், சொன்னேன்.

“பூஜ்யமா?” என்றார் சதவீதம். குரலில் நிஜமான சந்தோஷம். “அப்ப எல்லாம் மேல போய்ச் சேந்தாச்சு. பருவம் முடிஞ்சதுன்னு எழுதிடுங்க.”

படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது. பருவம் முடிந்தது என்று எழுதி, தேதி போட்டு, கீழே கையெழுத்தும் போட்டேன். அண்ணி என் தோளுக்கு மேலே குனிந்து, கண்ணை இடுக்கி, அதை நிதானமாகப் படித்தார்.

“உன் கையெழுத்து எப்பவும் அழகுதான்,” என்றார்.